எண்ணெயை அள்ளியாச்சு, அள்ளியது எங்கே போகும்?

நெமிலி பக்கம் ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் அந்த முகத்துவாரத்தில்தான் படிந்தது. மீனவர்கள் படகில் போய் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான் கருவி. அள்ளுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. அள்ளிய கசடை என்ன செய்வது என்பதுதான் நீண்ட தலைவலி. 2017-ல் அதைக் குழிகளில் போட்டு நுண்ணுயிர் கொண்டு சிதைக்க வேண்டியிருந்தது. கழிவைக் குவித்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டை குரோமியக் குவியலைப் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பம்புசெட்டுக்கு வைத்த பெட்ரோல் கேன் கவிழ்ந்தாலும் இதே கதைதான். பீடி, அடுப்பு கிட்டே வேண்டாம். பக்கத்தில் உள்ள மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெட்ரோல் மிதந்து கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். காய்ந்த மணலைக் கொட்டி உறிஞ்சவிட்டு, நனைந்த மண்ணோடு அள்ளி, மூடியுள்ள இரும்பு டின்னில், வீட்டை விட்டுத் தள்ளி நிழலில் வையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், கொளுத்தாதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். டேங்கர் லாரி கவிழ்ந்தால் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விலகி நின்று 101-க்குப் பேசுங்கள்.