கிழிந்தபின் தைப்பதா, கிழியாமல் காப்பதா?

நெசவாளிக்குக் கிழிசலைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. சுற்றிலுமுள்ள இழை உறுதியாயிருந்தால்தான் ஒட்டுப்போட முடியும். இற்ற துணியில் ஊசியேற்றினால் கிழிசல் பெரிதாகும். மனித இருதயத்துக்கும் இவ்விதியே பொருந்துகிறது.

மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபட்டு, இருதயத் தசையின் ஒரு பகுதி இறந்துபோகிறது. அப்பகுதி பெரும்பாலும் முதல் வாரத்திற்குள் இளகி, சிலருக்குக் கிழிந்து விடுகிறது. வெளிச்சுவர் கிழிந்தால் பலருக்குச் சில நிமிஷங்களில் மரணம். கீழறைகளின் இடைச்சுவரில் துவாரம் விழுந்தால், இரத்தம் வழிமாறிப் பாய்ந்து நோயாளி நிலைகுலைகிறார்.

இத்துவாரத்தை ரண சிகிச்சையால் அடைத்த செய்தியை ஹூஸ்டன் நகரத்து டாக்டர் டென்டன் கூலி குழுவினர் 1957இல் வெளியிட்டனர். பின்னர் டொரொன்டோ டாக்டர் டைரோன் டேவிட், இற்ற தசையை விடுத்து, அதற்கப்பாலுள்ள உயிர்த்தசையில் அகன்ற ஒட்டைத் தைக்கும் முறையைக் கையாண்டார். ஒட்டுக்கு உதவுவது பதப்படுத்திய மாட்டு இருதய உறை, அல்லது டெக்ரான் துணி. துணியும் உயிர் காக்கிறது என்பது நமக்குப் பெருமையே.

ஆயினும் அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை இச்சிகிச்சை பெற்றோராகக் கணக்கெடுக்கப்பட்ட 2,876 பேரில், 100க்கு ஏறக்குறைய 43 பேர் பிழைக்கவில்லை. 7 நாட்களுக்குள் சிகிச்சை பெற்றோரில் 54 பேரும், அதன் பின்னர் பெற்றோரில் 18 பேரும் மாண்டனர். தழும்பு இறுகும்வரை காத்திருப்பது நல்லதுதான். ஆனால் காத்திருக்கும் வலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே கிழியாமல் காப்பதே மேல் என்பது நம் கருத்து. முன்பு மாரடைப்பு கண்டோரில் 100க்கு 1 முதல் 3 பேர் வரை இடைச்சுவர் கிழிந்தது. அடைப்பை விரைந்து நீக்கும் சிகிச்சைகள் வந்தபின் அது 1000க்குச் சுமார் 2 பேராகக் குறைந்தது. விரைவுதான் மருந்து.

நம்மிலோ, நெஞ்சை அழுத்தி இடக்கையில் வலி பரவி வியர்த்தாலும், "வாயுப் பிடிப்பு, இந்தப் பாவு முடியட்டும், இந்த மடை பாயட்டும்" என்று பொறுத்திருப்போர் பலர். இதனை அலட்சியம் என்று மட்டும் சொல்லோம். ஒரு நாள் கூலி போய்விடுமே, இரவில் வண்டிக்கு எங்கே போவது என்ற அச்சமும் உண்டு.

இவ்வச்சத்தைப் போக்குவது சங்கத்தால் ஆகும். 108 என்ற எண்ணையும், இச்சிகிச்சையளிக்கும் அண்மை மருத்துவமனையின் பெயரையும் ஒவ்வொரு சங்கமும் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். அன்றைய செலவுக்கு உடனே முன்பணம் தர நிர்வாக சபை தீர்மானிக்கட்டும். நூலும் உரமும் வழங்குவதே சங்கத்தின் பணி என்பாருமுண்டு. தறியில் அமரவும் ஏர் பிடிக்கவும் அங்கத்தினர் உயிரோடிருக்க வேண்டாமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை எழுப்புவோமாக.