தொண்டைப் புண்ணும் மனக் கலக்கமும்

நேற்று வரையில் ஓடி விளையாடிய ஏழு வயதுக் குழந்தை ஒன்று, இன்று காலையில் எழுந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறது. தாயாரைவிட்டு ஒரு கணமும் பிரிய மறுக்கிறது. உணவில் விஷம் இருக்குமோ என்று அஞ்சித் தட்டைத் தள்ளிவிடுகிறது. ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறது. முத்து முத்தாக இருந்த கையெழுத்து, கோழி கிளறினாற்போல் ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் சொல்ல நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அண்டை வீட்டார் திருஷ்டி என்பார்கள். உறவினர் செல்லம் அதிகம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கண்டிப்புப் போதாது என்பார்கள். பெற்றோரோ, இரண்டு வாரத்துக்கு முன்பு குழந்தைக்குத் தொண்டை வலியும் ஜுரமும் வந்து போனதை நினைத்துக்கொள்கிறார்கள். "அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று டாக்டரைக் கேட்க நாவெழாமல் திரும்பிவிடுகிறார்கள். அது கேட்கத் தகுந்த கேள்வி என்பதே நாம் இந்த வாரம் சொல்ல விரும்புவது.

1686-ம் ஆண்டிலேயே தாமஸ் ஸிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர், கைகால்கள் தாமாகவே துள்ளும் குழந்தை நோய் ஒன்றை வர்ணித்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து உண்டாகும் ருமாட்டிக் ஜுரத்தின் ஓர் அங்கமே அது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கிருமியோடு போராட உடல் படைக்கும் எதிர்ப்பொருள், ஆள்மாறாட்டத்தில் ஏமாந்த காவற்காரனைப் போல, மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஆளும் பகுதியையே தாக்குகிறது என்பது விஞ்ஞானிகள் கூறும் விளக்கம்.

இந்நோயுற்ற குழந்தைகள் பலருக்கு, வேண்டாத எண்ணம் மனத்தைப் பற்றி, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் தொல்லையும் இருந்தது. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த ஸூஸன் ஸ்வீடோ அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் இதை ஆராய்ந்தார்கள். கைகால் துள்ளல் நோய் இல்லாமலே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றை ஒட்டி இத்தகைய மனத் தொல்லை திடீரென்று கண்ட 50 குழந்தைகளைப் பற்றி 1998-ல் எழுதினார்கள். அதற்குப் 'பாண்டாஸ்' என்று பெயர். எந்தக் காரணத்தால் திடீரென்று வந்தாலும் பொருந்தும்படி, 2012-ல் 'பான்ஸ்' என்ற விரிவான பெயரும் வகுக்கப்பட்டது.

இவ்வளவும் படித்தவுடன் "விடை கிடைத்துவிட்டது" என்று துள்ளிக் குதிப்பதற்கில்லை. பள்ளி செல்லும் வயதில் தொண்டைப் புண் சர்வ சாதாரணம். எவ்வித நோயுமின்றி இக்கிருமியைத் தொண்டையில் சுமந்து திரியும் குழந்தைகளும் பலர். ரத்தத்தில் எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது, பல மாதங்களுக்கு முன் வந்து போன தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். இந்நோயை ஐயமற நிரூபிக்கும் ஒற்றைப் பரிசோதனை இன்றும் இல்லை. இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் செலுத்தும் சிகிச்சை 1999-ல் வெளியான சோதனையில் நற்பயன் தந்தது. 35 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட சோதனையிலோ போலி மருந்தைவிட மேலானதென்று உறுதிப்படவில்லை. ஆகவே டாக்டர்களிடையே விவாதம் ஓயவில்லை.

விவாதம் முடியும் வரையில் குழந்தை காத்திருக்க முடியுமா? முடியாது, காத்திருக்க வேண்டியதும் இல்லை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் உறுதியானால் பெனிசிலின் போன்ற மருந்தை முறையாகக் கொடுப்பதில் கருத்து வேற்றுமை இல்லை. மனத் தொல்லைக்கு, நடத்தைப் பயிற்சியும் தேவையானால் மனநல மருந்தும், காரணம் எதுவாயினும் உதவக்கூடியவை. ஆனால் கிருமி இருப்பதற்கு ஆதாரமின்றி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது தகாது. கிருமிகள் மருந்துக்கு அஞ்சாமற் போவதுதான் அதன் பலன்.

கைகால்கள் தாமாகத் துள்ளினால் இருதயத்தையும் பரிசோதிக்கவேண்டும். ருமாட்டிக் ஜுரம் இருதயத்தின் வால்வுகளைக் கெடுப்பது; நம் நாட்டைவிட்டு அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. வலிப்பு, பேச்சுத் தடை, நினைவுத் தடுமாற்றம் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மூளையையே எதிர்ப்பொருள் தாக்கும் வேறொரு கடுமையான நோய் 2007-ல் விளக்கப்பட்டிருக்கிறது. விரைவில் கண்டுபிடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாறுதல் தொடங்கிய தேதி, அதற்கு முன் வந்த ஜுரம், தொண்டை வலி, வீட்டில் வேறு யாருக்கு நோய் இருந்தது, உணவு, தூக்கம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் சேர்த்து வையுங்கள். குழந்தையின் அசைவுகளைக் கைபேசியில் படம் பிடியுங்கள். "பாண்டாஸ்தானே?" என்று டாக்டரிடம் வாதாடுவதைவிட, "இந்தத் தேதியில் இப்படி மாறினான், காரணத்தைத் தேடித் தாருங்கள்" என்று கேட்பது பயன் தரும்.

விடை கிடைக்க நாளாகலாம். அதுவரையில், குழந்தை வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை என்பதை வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் இருத்தவேண்டும். கையைக் கழுவிக் கழுவித் தோலுரிந்து நிற்கும் குழந்தைக்கு ஏச்சும் அடியும் எந்த வைத்திய முறையிலும் மருந்தாகச் சொல்லப்படவில்லை.