வெளுக்கப்படும் முகங்கள்

நெடுங்காட்டில் நிழற்படக் கடை வைத்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இந்தத் தொழிலில் இறைவனுக்கு என்ன இடம் இருக்கிறது? இதை விட்டுவிட்டு மறைப்பணிக்குப் போனால்தான் என் வாழ்வுக்குப் பொருள் உண்டாகுமோ?" கேள்வி நேர்மையானது. அவருக்குப் பிறர் தந்திருந்த விடைகள்தாம் எனக்குச் சினமூட்டின. கடைக்குப் புனிதர் பெயரிட்டு, பலகையில் சிலுவை வரைந்து, வாயிலில் ஒரு திருவசனத்தை எழுதிவைத்தால் அது கிறிஸ்தவத் தொழிலாகிவிடும் என்றாராம் ஒருவர். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுத்தால் ஆண்டவர் கடையை இரட்டிப்பாக்குவார் என்று உறுதி கூறினாராம் இன்னொருவர். மூன்றாமவரோ, பிழைப்பு வேறு, பக்தி வேறு. ஞாயிறு காலை திருப்பலி, மற்ற நேரமெல்லாம் கல்லாப்பெட்டி என்று முடித்துவிட்டாராம்.

மூன்றும் தவறு என்பது என் துணிபு. கேமராவுக்கு முன்னால் வந்து அமரும் மனிதர் அம்மூன்று விடைகளிலும் இல்லை.

2-ஆம் நூற்றாண்டில் மறைச்சாட்சியாக உயிர் நீத்த புனித ஜஸ்டின், நம் ஆண்டவர் தச்சுத் தொழில் செய்த காலத்தில் ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். வயல் சூழ்ந்த நம் பகுதிக்கு இது எத்துணை நெருக்கமான செய்தி! நாசரேத்துப் பட்டறையின் வாயிலில் என்ன பலகை தொங்கியது என்று எந்த நற்செய்தியாளரும் கவலைப்படவில்லை. அங்கே செய்யப்பட்ட நுகத்தடியின் சிறப்பு எதில் இருந்திருக்கும்? மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காததில்தான் இருந்திருக்கும். தமது நுகம் உறுத்தாதது என்னும் பொருள்பட அவர் பின்னாளில் போதித்தபோது, கேட்டவர்களுள் உழவர்கள் அதை வெறும் உவமையாகக் கொண்டிருக்க மாட்டார்கள்.

தச்சருக்கு மாட்டின் கழுத்து எப்படியோ, அப்படித்தான் நிழற்படக் கலைஞருக்கு மனித முகம். அந்த முகம் கடவுளின் சாயல் என்று தொடக்கநூலின் முதல் அதிகாரமே நமக்குக் கற்பிக்கிறது. அந்தச் சாயலை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

"கொஞ்சம் கலர் கூட்டிப் போடுங்க." எங்கள் தொழிலில் அன்றாடம் காதில் விழும் மன்றாட்டு இது. பெண் பார்க்க அனுப்பும் படமா, கலர் கூட்டு. புதுநன்மைப் படமா, கலர் கூட்டு. இறந்தவர் படமா, அதற்கும் கூட்டு. அந்நாளில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்து மணிக்கணக்கில் சாதித்ததை இன்று கணினி நொடியில் செய்து முடிக்கிறது. நாற்று நட்டும் களை பறித்தும் வெயிலில் காய்ந்த முகங்கள், ஆல்பத்துக்குள் நுழையும்போது மாவு பூசியவைபோல் வெளுத்துவிடுகின்றன. இந்த வெளுப்பு நிறத்தோடு நின்றுவிடுவதுமில்லை. கறுப்பு என்றால் சேறு, சேறு என்றால் சேரி என்று கணக்கிடும் மனம் நம் கோவில் வாயிற்படியையும் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. அந்த மனத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் நாங்கள்.

நானும் அவ்வேலையைச் செய்தவனே. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார், இறந்துபோன தம் கணவரின் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டு வந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு வேண்டும் என்றார். அவரிடம் இருந்ததோ அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். நான் தாராள மனத்தோடு என் கைவண்ணத்தைக் காட்டினேன். முகத்தை வெளுத்தேன். வாழ்நாளில் சட்டையே அருகிப் போட்ட மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டினேன். நெற்றியில் இருந்த தழும்பைச் சுவடின்றி அழித்தேன். சட்டம் போட்ட படத்தை வாங்கிய அம்மையார் நெடுநேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "இது அவரு இல்லீங்களே ஐயா" என்றார்.

அன்றிரவு மீண்டும் உட்கார்ந்து கறுத்த முகத்தோடும் தழும்போடும் அச்சிட்டேன். மறுநாள் அதை வாங்கிக்கொண்டபோது அவர் முதலில் தொட்டது அந்தத் தழும்பைத்தான். வைக்கோல் ஏற்றும்போது பட்டதாம். அந்த ஆண்டின் பெரிய வெள்ளியன்று, ஆறாம் நிலையில் வெரோனிக்காவின் முன் முழந்தாளிட்டபோது என் தொழில் எனக்கு விளங்கியது. அப்பெண்மணி விவிலியத்தில் இல்லை. மரபு வழியாக வந்தவர். நிழற்படக் கலைஞரின் பாதுகாவலி என்று போற்றப்படுபவர். அவருடைய துணியில் பதிந்த முகம் வியர்வையும் குருதியும் படிந்த முகம். கலர் கூட்டிய முகமன்று. உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை அழித்துக்கொண்டு சீடர் முன் தோன்றவில்லை. தோமா அவரை அறிந்துகொண்டது அத்தழும்புகளால் அன்றோ?

இதில் கருவிக்கும் பங்குண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப்படச் சுருளைச் சீர்செய்ய வெள்ளைநிறப் பெண் ஒருவரின் படத்தையே நெடுங்காலம் அளவுகோலாக அனுப்பிவந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கறுத்த தோலின் நுட்பங்கள் அச்சுருளில் சரியாக விழவில்லை. பின்னர் அது திருத்தப்பட்டபோது, அதற்குத் தூண்டுதலாக இருந்தவை சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் சொன்ன குறைகளே என்று அங்கே பணியாற்றியவரே கூறியிருக்கிறார். தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்பது அவர்கள் குறை. மேசைக்குக் கிடைத்த நீதி மனிதருக்குத் தாமதமாகக் கிடைத்தது!

ஆகவே கறுத்த முகத்தை உள்ளபடி எடுப்பதற்கு உழைப்பு வேண்டும். நம் திருமணங்களில் மணமகள் வெண்ணிற உடையில் நிற்கிறாள். உடைக்கு ஒளியளந்தால் முகம் இருண்டுபோகும். முகத்துக்கு அளந்தால் உடையின் பூவேலை கரைந்துபோகும். சோம்பேறி என்ன செய்வான்? எப்படியோ எடுத்துவிட்டுப் பிறகு முகத்தை வெளுப்பான். தொழிலை மதிப்பவன் பெண்ணைச் சன்னலோரம் நிறுத்துவான். பிளாஷை நேரே அடிக்காமல் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பச் செய்வான். மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக் கன்னத்தின் நிழலைத் தணிப்பான். அப்போது கறுப்பின் உள்ளே இருக்கும் செம்மையும் பொன்மையும் வெளிவரும். பத்து நிமிடம் கூடுதலாகும். அந்த இளைஞர் தேடிய இறைவன் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறார் என்று சொன்னால் அவர் நம்புவாரா, தெரியவில்லை. இனிமைமிகு பாடலின் மணமகள் தன்னைக் கறுப்பென்றும் அழகென்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்கிறாள். தோட்டக் காவலில் வெயில் சுட்ட நிறம் என்று காரணமும் சொல்கிறாள். அவள் எந்தக் கடையிலும் கலர் கூட்டச் சொல்லியிருக்க மாட்டாள்.

காரைக்கால் பகுதியில் இன்னொரு விந்தையும் உண்டு. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சுடன் உறவு அறுபடவில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வருவோர் ஒருநாளும் கலர் கூட்டச் சொல்வதில்லை. திருத்திய படத்தை அலுவலகம் ஏற்காது என்று அவர்களுக்குத் தெரியும். அரசுக்கு மெய்யான முகம். உறவினருக்கும் கோவிலுக்கும் பொய்யான முகம்! நாணயத்தில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டவர், நம் ஆல்பங்களைப் புரட்டினால் என்ன கேட்பார்?

படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் உள்ளவரையே சேர்கிறது என்று 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் அறிவித்தது. புனிதர்களின் திருவுருவங்களைப் பற்றிய போதனை அது. படத்துக்குச் செய்யும் திருத்தம் யாரைச் சேரும் என்று இறையியலார் விளக்கட்டும். ஆனால் கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் இயேசு யார்? பாலஸ்தீனத்துத் தச்சரா, ஐரோப்பிய இளவரசரா? பலர் நன்கொடையாளர் படங்களோடு அச்சிட்டு வழங்கும் திருவிழா அழைப்பிதழ்களைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் நாம் பார்த்துப் பழகிய முகங்களை அவற்றில் அடையாளம் காணப் பெயரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

"மறுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரே?" என்பர். போவார். எனக்குப் போயிருக்கிறார்கள். திருமண வீட்டார் ஒருவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போனார். அந்த மாதம் கடை வாடகைக்குக் கடன் வாங்கினேன். ஆண்டவர் அதை எனக்கு இரட்டிப்பாக்கித் தரவில்லை. சான்று பகரும் மேடைகளில் இக்கதை எடுபடாது என்பதையும் நான் அறிவேன். எல்லாரையும் மறுத்துவிடவும் எனக்குத் துணிவு இருந்ததில்லை. பெண் பார்க்க அனுப்பும் படத்துக்காகக் கண்கலங்கி நிற்கும் தாயிடம் பலமுறை தோற்றிருக்கிறேன். அவர் அஞ்சுவது என்னையன்று. அப்படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகும் மாப்பிள்ளை வீட்டாரை. அவர்களும் ஞாயிறுதோறும் நம்மோடு நற்கருணை வாங்குகிறவர்களே. இத்தொழிலின் இறையழைத்தலைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டாமா?

அந்த இளைஞர் வரும் ஆவணியில் ஒரு திருமணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மணமகளின் தாயார் இப்போதே கலரைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். என்ன விடை சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னிடமிருக்கும் தெர்மோகோல் அட்டைகள் இரண்டையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.