தலைமுடியும் தாருஷ்ஷிஃபாவும்



இஸ்தான்புல் என்றதும் நம் உள்ளத்தில் 1453ஆம் ஆண்டின் வெற்றியும் சுலைமானியா பள்ளிவாசலின் மினாராக்களும் தோன்றும். இன்றைய இளைஞர் பலருக்கோ முதலில் நினைவுக்கு வருவது முடிமாற்று நிலையங்களே. விமான நிலைய வரவேற்பு, விடுதி, அறுவை அனைத்தும் ஒரே விலையில் என்னும் விளம்பரங்கள் நம் வீட்டுக் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டன. உம்ரா முடித்து அங்கும் சென்று வரலாமா என்று நம்மிடமே கேட்கின்றனர்.

மார்க்கத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்துவோம். பிறர் முடியை ஒட்டிக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தன் பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து முன்னந்தலையில் நடுவது வேறு. குறை நீக்கும் சிகிச்சை என்று அறிஞர் பலர் அதனை அனுமதித்துள்ளனர். போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன் மூக்கு அனுமதிக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆகவே நம் கண்டனம் சிகிச்சையின் மீதன்று, சந்தையின் மீது.

நட்ட முடி சில வாரங்களில் உதிரும். சில மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் முளைக்கும். முழுப்பயன் தெரிய ஏறக்குறைய ஓர் ஆண்டாகும். அப்போது நோயாளி ஊரில் இருப்பார். கத்தி பிடித்தவர் கடல் கடந்து இருப்பார். குறை கண்டால் யாரிடம் முறையிடுவது? மருத்துவர் அல்லாதோர் அறுவை செய்வதைப் பற்றி முடிமாற்று மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கமே எச்சரித்து வருகிறது. பின்னந்தலை முடிக்கோ அளவுண்டு. எடுத்த வேர் அங்கு மீண்டும் முளைக்காது. இருபது வயதில் அவசரப்பட்டு நட்டவருக்கு, நட்ட முடி நிற்க, அதன் பின்னால் உள்ள சொந்த முடி உதிர்ந்துகொண்டே போகலாம். இவற்றைச் சொல்லாமல் விற்பது வாணிபத்தில் மோசடியன்றி வேறென்ன?

அதே நகரில் சுல்தான் ஃபாத்திஹ் கட்டிய வளாகத்தில் தாருஷ்ஷிஃபா இருந்தது. 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசலைச் சுற்றி மருத்துவக் கல்விக்கூடமும் மருத்துவமனையும் எழுந்தன. வக்ஃபு வருமானத்தில் ஏழை நோயாளிக்கு மருந்தும் உணவும் கிடைத்தன. நோயாளி அங்கு அமானிதமாக இருந்தார். இன்று அவர் வாடிக்கையாளர்.

எனினும் வணிகரை மட்டும் பழிப்பது நீதியாகாது. மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று நல்ல சம்பந்தத்தைத் தட்டிக்கழித்தவர்கள் யார்? பெண் கறுப்பு என்று முகம் சுளித்தவர்கள் யார்? நம் வீட்டுப் பெரியவர்களே! தீனையும் குணத்தையும் முதலில் பார்க்கச் சொன்ன மார்க்கத்தை மேடையில் பேசி, பெண் பார்க்கும் கூடத்தில் மறந்தோம். கடன் வாங்கி விமானம் ஏறும் இளைஞனின் தலையில் நம் சொற்களும் ஏறியிருக்கின்றன.

புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் மூவரின் வரலாற்றை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். வழுக்கைத் தலையர் கேட்டபடியே அவருக்கு முடி கிடைத்தது, செல்வமும் பெருகியது. ஏழை வேடத்தில் வானவர் வந்து கேட்டபோதோ அவர் கைவிரித்தார். முடி திரும்பியது, நன்றி பிறக்கவில்லை.

மருத்துவம் வேண்டுவோர் அருகிலுள்ள தகுதிபெற்ற தோல் மருத்துவரை அணுகட்டும், கடனின்றிச் செய்யட்டும். சம்பந்தம் பேசுவோர் நாவைக் காக்கட்டும். அல்லாஹ் நம் தோற்றத்தைப் போல் குணத்தையும் அழகாக்குவானாக! ஆமீன்.