பெயர் தெரிந்தால் எடைக்குப் போட மனம் வராது

சுங்கான், அதாவது புகைபிடிக்கும் பைப், சேர்ப்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நேரான தண்டும் நிமிர்ந்த கிண்ணமும் இருந்தால் பில்லியர்ட். கிண்ணம் உருண்டிருந்தால் ஆப்பிள். தண்டு வளைந்தது பென்ட்; பல்லில் பாரம் குறையத்தான் அந்த வளைவு. என்னிடம் நான்கு இருக்கின்றன. ஒன்றையும் பற்றவைத்ததில்லை. வடிவத்தை ரசிக்க நெருப்பு எதற்கு?

என் ஆதங்கம் வேறு. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் இருந்த பாக்குவெட்டிகள் இவற்றுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? கிளி, குதிரை என்று பித்தளையில் செய்து இரும்பு அலகு பொருத்தியவை. புனேயில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் பாக்குவெட்டிகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாமோ பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். பாக்கு உடம்புக்கு ஆகாது என்கிறார்கள் மருத்துவர்கள், சரிதான். கருவிமேல் என்ன பழி?

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், அது யார் கையில் இருந்தது, வீட்டில் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான்.