நாலரை மணிக்குப் பிறகு



கரையான்சாவடி சந்திப்பு மாலை நாலரை மணிக்குப் பிள்ளைகளால் நிறைந்துவிடும். ஆவடிச் சாலையில் பிரிந்து செந்நீர்க்குப்பம், பருத்திப்பட்டு பக்கம் போகிற பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பார்கள். குமணன்சாவடிப் பக்கம் போகிறவர்கள் மெட்ரோ தூண்களின் ஓரமாகக் கும்பலாக நடப்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை டியூஷன், கராத்தே, ஹிந்தி வகுப்பு என்று ஏதாவது ஒன்று அழைத்துக்கொள்ளும். மற்றவர்கள் பூட்டிய வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருப்பார். அப்பா கட்டட வேலையிலோ லாரியிலோ இருப்பார். இருவரும் திரும்ப ஏழரை, எட்டு ஆகிவிடும்.

அந்த மூன்று மணி நேரம் யாருடைய பொறுப்பு? பள்ளிக்கூடத்தின் பொறுப்பு மணி அடித்ததும் முடிந்தது. பெற்றோர் சம்பாதிக்கப் போயிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது ஊர். இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அதைத்தான்.

ஊரும் பள்ளியும் கைகோர்ப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால் திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூர் வரும். 1958இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது அங்கேதான். காமராஜர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். அப்போது கடம்பத்தூரும் நம் பூந்தமல்லியும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. மாநாடு என்றதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வரலாம். அதன் உயிர் அதற்கு முன்பே நடந்த வேலையில் இருந்தது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கு என்னவெல்லாம் இல்லை என்று பட்டியல் போட்டார்கள். ஓர் ஊரில் கூரை இல்லை, இன்னோர் ஊரில் கிணறு இல்லை, வேறோர் ஊரில் பெஞ்சும் கரும்பலகையும் இல்லை. பட்டியலைப் பார்த்து ஒருவர் நிலம் தருவார், ஒருவர் மரம் தருவார், கையில் காசில்லாதவர் உழைப்பைத் தருவார். கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் முழுக்கப் பரவியது.

மதிய உணவும் அப்படித்தான் வளர்ந்தது. 1956இல் ஊர் நன்கொடைகளை நம்பித் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசு பங்கு போட முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு கணக்கு. ஆறு காசு அரசு கொடுக்கும், நாலு காசை ஊர் கொடுக்க வேண்டும். அந்த நாலு காசு எனக்கு மிகவும் பிடிக்கும். அதைக் கொடுத்ததால்தான் ஊர்க்காரர் அடுப்படி வரை வந்து, அரிசி நன்றாக இருக்கிறதா, எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டதா என்று கேட்க உரிமை பெற்றார். இன்று காலை உணவும் அரசே தருகிறது. அரசு உதவி பெறும் ஊரகப் பள்ளிகளுக்கு அது விரிவடைந்ததை 2024 ஜூலை 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கிவைத்தார்கள். நாலு காசு கொடுக்கும் தேவை நமக்கு இப்போது இல்லை. கூடவே கேட்கும் பழக்கமும் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இன்று ஊர் உதவுவதில்லை என்று சொல்லவே மாட்டேன். தலைவர் பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகம் வருகிறது, கம்பெனிகள் சுவருக்குப் பெயிண்ட் அடித்துத் தருகின்றன. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக, வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கூடத் தான் படித்த பள்ளிக்குப் பணம் அனுப்பலாம். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் மறுபடி அந்தப் பள்ளிக்குள் வருவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இன்று பெரிதும் கிடைக்காத பொருள், ஒரு பெரியவரின் நேரம்தான். அதுவும் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிற நேரம் அல்ல. செவ்வாய்க்கிழமை என்றால் இவர் வருவார் என்று பிள்ளை நம்பிக் காத்திருக்கிற நேரம்.

இதற்குச் சான்று நம் கண்முன்னே நடந்தது. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில், சமுதாயக் கூடத்தில், வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலானோர் அதே தெருவில் வசிக்கும் பெண்கள். படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள், திருமணத்தோடு படிப்பு நின்றுபோனவர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதற்காக மட்டுமே ஒருவர் தினமும் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க மாட்டார்.

பலன் என்ன? கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டு கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, சரியாகச் சொன்னால் 24 விழுக்காடு, இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள். டியூஷன் இல்லாத பிள்ளையைத் தெரு அக்கா கைதூக்கிவிட்டார்.

பிறகு பள்ளிகள் இயல்பு நிலைக்குத் திரும்பின, மையங்களும் குறைந்தன. நெருக்கடிக்கென்று வந்த திட்டம் நெருக்கடியோடு சுருங்கியது இயல்புதான். ஆனால் அந்த அக்காக்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். கோயில் மண்டபமும் இருக்கிறது. பூட்டிய வீடும் இருக்கிறது. அரசு விளக்கைத் தணித்துவிட்டது என்பதற்காகத் தெருவும் அணைக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆசை. டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் காய்கறிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம், பக்கத்துப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர், தம் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாட்டைத் தவிர அன்றாடம் ஒரு வாழைப்பழம்தான் உணவு என்று சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை அவரால். 2012இல் தம் கடையிலேயே பிள்ளைகளுக்கான சாப்பாட்டுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலகை வைக்கவில்லை. யாரும் வரலாம், தனியாகவும் வரலாம். இன்று அப்படிப்பட்ட கூடங்கள் ஜப்பான் முழுவதும் 10,000க்கும் மேல். பசி மட்டும் காரணம் என்றால் இத்தனை ஊர்களில் பரவியிருக்காது. பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், கிழவர்களோடு பேசுகிறார்கள். பள்ளி ஆசிரியர் வாய்திறந்து சொன்னதும் கடைக்காரர் காதுகொடுத்துக் கேட்டதும்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

நம்மிடம் அப்படிச் சொல்லவும் கேட்கவும் சட்டமே ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2024இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. நடப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டம் பெரும்பாலும் வேலை நாளின் பிற்பகலில் நடக்கிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நிற்கும் தாய்க்கு அந்தப் பிற்பகல் அரை நாள் கூலி. அவர் வராததைப் பார்த்து ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அம்பத்தூர், ஆவடி, திருமழிசைப் பக்கத்து நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள்: சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன், குழுவில் இருக்கும் உங்கள் தொழிலாளிக்கு மாதம் இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். அந்தப் பணத்தில் அதைவிடப் பெரிய நன்மை வேறெதையும் செய்துவிட முடியாது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பையன்களும் பெண்களும் அம்பத்தூர் எஸ்டேட் பெயரைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் லேத்தும் சிஎன்சியும் எப்படி இருக்கும், ஐடிஐ முடித்தவர் அங்கே என்ன வேலையில் சேர்வார், டிப்ளமோ படித்தவர் எதுவரை உயரலாம் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆலைக்குள் ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுவது பெரிய செலவல்ல. அங்கே வேலை செய்கிற, நம் தெருவிலேயே குடியிருக்கிற ஒரு அண்ணன் தம் கதையைச் சொன்னால், துண்டுப் பிரசுரம் சொல்லாததைச் சொல்வார்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தேவை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வெளியே ஒரு நாவலையோ நாளிதழையோ வாசித்துக் காட்ட நல்ல குரல் வேண்டும். நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வேலைத்தளத்திலேயே ஒடியா மொழியில் வகுப்பு நடந்திருக்கிறது. அரசும் தொண்டு நிறுவனமும் சூளை உரிமையாளர்களும் சேர்ந்து ஒடியா தெரிந்த ஆசிரியர்களையும் பாடநூல்களையும் அங்கிருந்தே வரவழைத்தார்கள். பிள்ளைக்கு எது தேவை என்று முதலில் பார்த்ததால்தான் அது கைகூடியது.

ஆர்வத்தோடு முன்வருகிறவர்களுக்குக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் நடுவே போகும் எந்தப் பெரியவரும் பள்ளிக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் தெரிந்தே போக வேண்டும். திறந்த இடத்தில், இன்னொரு பெரியவர் உடனிருக்க வகுப்பு நடக்க வேண்டும். இதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் 1098 என்ற எண்ணைத் தயங்காமல் அழையுங்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை நம் வட்டாரப் பள்ளிகளுக்கு ஒதுக்குகிறோம். கடம்பத்தூரில் செய்தது போலப் பட்டியலைப் பள்ளியே எழுத வேண்டும். தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு அனுப்பினால் அப்படியே அச்சிடுவோம். பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம். பொருள் மட்டுமல்லாமல் ஆளும் கேளுங்கள்: ‘வாரம் இரண்டு மாலை கணக்குச் சொல்லித்தர ஒருவர்’, ‘சனிக்கிழமை கால்பந்துப் பயிற்சிக்கு ஒருவர்’ என்று. உதவ விரும்பும் வாசகர்கள் கடிதத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை மாதத்துக்கு என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு பருவத்துக்குக் குறையாமல் வர முடிகிறவர்களை முதலில் பள்ளியோடு சேர்த்துவைக்கிறோம். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைக்கும் பட்டியல்கள் அடுத்த இதழிலேயே வரும்.

அன்புடன்,
ஆசிரியர்