"தப்புதான்"னு சொல்லி ஃபைன் கட்டியாச்சா? கதவு முழுசா மூடலை!

குடிபோதையில் வண்டி ஓட்டினது, சீட்டாட்டம், அடிதடி என்று சின்ன கேசில் சிக்குபவர்கள் பலர் கோர்ட்டில் செய்வது ஒன்றுதான். "தப்புதான் ஐயா" என்று சொல்லி அபராதத்தை கட்டிவிட்டு கிளம்பி விடுவார்கள். வக்கீல் வைத்தால் செலவு. வாய்தாவுக்கு நடந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு. இதனாலேயே செய்யாத தப்புக்கும் தலையாட்டுபவர்கள் உண்டு.

ஆனால் கையில் கொடுப்பது வெறும் ரசீது இல்லை, தண்டனை. போதையில் வண்டி ஓட்டிய கேசில் முதல் தடவை ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் இரண்டும். மறுபடி சிக்கினால் 2 வருஷம் வரை ஜெயில். லைசென்சையும் முடக்கலாம். டிரைவர் வேலை பார்ப்பவருக்கு அதுதானே சோறு? போலீஸ் வேலைக்கு மனு போட்டால் பழைய கேசை தோண்டி எடுப்பார்கள்.

அப்பீல் போகலாமா?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் 416-வது பிரிவு இதற்கு முட்டுக்கட்டை. பழைய சட்டத்திலும் இதே கதைதான். ஒப்புக்கொண்டவர், "தண்டனை அதிகம், சட்டப்படி செல்லாது" என்று மட்டுமே அப்பீல் போகலாம். "நான் குற்றவாளியே இல்லை" என்று போக முடியாது.

இன்னொரு வழி

அதுதான் சீராய்வு மனு. செசன்ஸ் கோர்ட்டிலோ, ஐகோர்ட்டிலோ 90 நாளுக்குள் போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் சொல்லி தனி மனு போடணும்.

"மனசு மாறிடுச்சு" என்றால் எடுபடாது. ஒப்புக்கொண்ட விதத்தில் கோளாறு இருக்க வேண்டும். சம்மன் கேஸ்களில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை, கூடுமானவரை அவர் சொன்ன வார்த்தையிலேயே மாஜிஸ்திரேட்டு எழுத வேண்டும் என்கிறது சட்டம். இதை மீறினால் தண்டனை நிற்காது என்று 1960-களிலேயே, அன்றைய சென்னை மாநில அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1980-ல் குஜராத் உணவு கலப்பட வழக்கில், லேசான தண்டனை என்று ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்ததை கண்டித்து, தண்டனையையும் ரத்து செய்தது.

ஆகவே முதல் வேலை, கோர்ட்டில் தீர்ப்பு நகலும், நீங்கள் சொன்னதை பதிவு செய்த தாளின் நகலும் வாங்குவது. அந்த தாளில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஜெயித்தாலும் விடுதலை என்று அர்த்தம் இல்லை. கேஸ் முதலில் இருந்து விசாரணைக்கு வரலாம். வேலையோ லைசென்சோ பறிபோகிறது என்றால் போராடலாம்.

பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலை தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. போன்: 15100. இந்த நம்பருக்கு தலையாட்டிய பிறகு பேசுவதை விட, தலையாட்டுவதற்கு முன்பே பேசுவது நல்லது!